அண்ணனுக்கு மரத்தது, தம்பிக்கு எரிகிறது

வலி மருத்துவத்துக்கு நான் மயக்கவியல் வழியாக வந்தவள். எங்கள் துறையில் மரபணுவைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் நின்றுதான். மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கத் தசைகளைத் தளர்த்தும் ஊசி ஒன்று உண்டு. சக்சினைல்கோலின் என்று புத்தகத்தில் இருக்கும். தியேட்டரில் எல்லோருக்கும் அது ‘ஸ்கோலின்’. போட்ட ஒரு நிமிடத்தில் உடம்பு துவண்டுவிடும். ரத்தத்தில் இருக்கும் ஒரு என்சைம் அதை ஐந்து, பத்து நிமிடத்தில் சிதைத்துவிட, நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார். சிலருக்கு அந்த என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாது. அவர்களுக்கு அதே ஊசி, அதே அளவு, மணிக்கணக்கில் இறங்காது. வெண்டிலேட்டரில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட ஏறக்குறைய 100 மடங்கு அதிகம் என்று ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2017-ல் சேர்ந்து எழுதினார்கள். தென்னிந்திய மயக்க மருத்துவர்களுக்கு அது அதற்கு வெகு முன்பே அனுபவத்தில் தெரியும். “வீட்ல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு திரும்ப லேட்டாச்சா?” என்று நோயாளியிடம் கேட்காமல் எங்கள் பேராசிரியை ஸ்கோலினைத் தொட விடமாட்டார்.

ஆள் மாறினால் மருந்தின் கதையும் மாறும் என்பது இப்படிப் பயிற்சியின் தொடக்கத்திலேயே எனக்குப் பழகிப்போனது. வலியிலும் அப்படித்தான் என்று ஒப்புக்கொள்ள எங்கள் தொழில் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. தசை மருந்து இறங்காவிட்டால் என்சைமைச் சந்தேகிக்கிற அதே டாக்டர்கள், வலி இறங்காவிட்டால் நோயாளியைச் சந்தேகிக்கிறார்கள்.

என் கிளினிக் மதுரையில். வருகிறவர்களில் பெரும்பகுதி சர்க்கரைக் கால்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தக் கோடிகளின் ஒரு ஓரம் தினமும் என் வாசலில் செருப்பைக் கழற்றுகிறது. கழற்றும்போதே பாதி நோய் தெரிந்துவிடும். செருப்பு வழியில் நழுவிப்போனதே தெரியாமல் ஒற்றைக் காலில் செருப்போடு வந்து நிற்பவர் ஒரு வகை. வார் உரசினாலே முகம் சுளிப்பவர் இன்னொரு வகை. நோய் ஒன்றுதான்.

அண்ணன் தம்பியாக இருவர் வந்தார்கள். தம்பி அரசு பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் பலசரக்குக் கடைக்காரர். சர்க்கரை முதலில் வந்தது அண்ணனுக்கு. கட்டுப்பாடும் அவருக்குத்தான் மோசம். வலி மட்டும் தம்பிக்கு.

“ராத்திரி பத்து மணிக்கு மேல ரெண்டு காலையும் தணலுக்குள்ள வச்ச மாதிரி இருக்கு டாக்டரம்மா. போர்வை பட்டாக்கூட எரியுது. ஈரச் சாக்கை விரிச்சு அதுமேல காலை வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கேன்” என்றவர், பக்கத்தில் இருந்த அண்ணனைக் காட்டினார். “இவரைப் பாருங்க, ஒண்ணுமே இல்ல. குடுத்து வச்ச மகராசன்.”

குடுத்து வச்ச மகராசனின் இடது உள்ளங்காலில் ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். செருப்பில் ஏறியிருந்த ஆணியோடு நாள் முழுக்கக் கடையில் நின்றிருக்கிறார். சாமான் வாங்க வந்த சிறுமி ஒருத்தி தரையில் ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. அவரை அன்றைக்கே கால் அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். எரிகிற காலைவிட மரத்த காலுக்குத்தான் அவசரம் அதிகம் என்பதைக் குடும்பத்தாருக்குப் புரியவைப்பது எப்போதும் கடினம். வலி இல்லாததை நோய் என்று யார் நம்புவார்கள்?

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள். ஆனால் கூடப் பிறந்தவர்களுக்கு மரபணுவில் சராசரியாகப் பாதிதான் பொது. ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் பென்னட்டின் குழு சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களை வலி உள்ளவர்கள், வலி இல்லாதவர்கள் என்று பிரித்து ஒரு மரபணுவை முழுக்கப் படித்தது. 2018-ல் வெளியான முடிவு: அந்த மரபணுவில் அபூர்வமான மாற்றங்கள் வலி உள்ளவர்களிடம் மட்டுமே கிடைத்தன. மற்றவர்களில் ஒருவரிடமும் இல்லை. இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேன். மறுபடி படித்தபோது உட்கார்ந்தேன். வலி உள்ளவர்களிலும் பத்தில் ஒருவரிடம்தான் அந்த மாற்றம் இருந்தது; மீதி ஒன்பது பேருக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. நடத்துநருக்கு அந்தப் பரிசோதனையை நான் எழுதவில்லை. முடிவு எப்படி வந்தாலும் அவருக்கு நான் கொடுக்கப்போகிற மாத்திரை மாறியிருக்காது.

அந்த மரபணுவின் பெயர் எஸ்சிஎன்9ஏ. நரம்பு இழையின் சவ்வில் நாவ்1.7 என்று ஒரு சோடியம் சேனலை அது கட்டுகிறது. எங்கள் பக்கத்துக் கண்மாய் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். வலி நரம்பின் நுனியில் சின்னத் தூண்டல் வந்தால் இந்த மதகு திறந்து சோடியம் உள்ளே பாயும். தூண்டல் பெருகி, செய்தி முதுகுத்தண்டுக்கு ஓடும். பலகை லேசாகத் தொட்டாலே திறந்துகொண்டு, மூடச் சுணங்கினால் எரிச்சல் ஓயாது. மதகே இல்லாமல் பிறந்தால் வலியே தெரியாது.

அப்படிப் பிறந்தவர்கள் உண்டு. பாகிஸ்தானின் லாகூர் தெருக்களில் கையில் கத்தியைச் செருகிக் காட்டி, நெருப்புக் கங்குகளின் மேல் நடந்து காசு வாங்கிய ஒரு சிறுவனைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ஜெஃப்ரி வுட்ஸ் கேள்விப்பட்டார். அவனைப் பார்க்க முடிவதற்குள், பதினான்கு வயதை ஒட்டி, கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான். உறவுக்குள் மணமுடித்த மூன்று குடும்பங்களில் இதே நிலையில் இருந்த ஆறு பேரை வுட்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் ஆராய்ந்தார்கள். தொடுகை, சூடு, குளிர், அழுத்தம் எல்லாம் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்தன. வலி மட்டும் பிறந்ததிலிருந்து கிடையாது. உதட்டையும் நாக்கையும் கடித்துக் கிழித்திருந்தார்கள். எல்லோருக்கும் எஸ்சிஎன்9ஏ செத்திருந்தது. 2006 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையின் நகல் எங்கள் ஓய்வறைச் சுவரில் பல மாதம் ஒட்டியிருந்தது.

மருந்துக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? இந்த ஒரு சேனலை அடைத்தால் வலி உலகத்தைவிட்டே போய்விடும் என்று ஓடினார்கள். மருந்து மேல் மருந்தாகச் சோதனையில் தோற்றது. காரணங்களில் ஒன்று 2015-ல் லண்டனிலிருந்து வந்தது. அந்தச் சேனல் இல்லாமல் பிறந்தவர்களின் உடம்பு அபின் போன்ற வலிநிவாரணியைத் தானே கூடுதலாகச் சுரக்கிறது. அதைத் தடுக்கும் நலாக்ஸோன் ஊசியைப் போட்டபோது 39 வயதுப் பெண் ஒருவர் வாழ்க்கையில் முதல் முறையாக வலியை உணர்ந்தார். நடு வயதில் சேனலை மட்டும் அடைப்பதும், சேனலே இல்லாமல் பிறப்பதும் ஒன்றல்ல. பக்கத்துச் சேனலான நாவ்1.8-ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, திடீர் வலிக்கு மட்டும். சயாட்டிகா நோயாளிகளிடம் நடந்த சோதனையில் வெறும் மாவு மாத்திரையும் அதே அளவு வலியைக் குறைத்துவிட்டது. நாள்பட்ட நரம்பு வலி அவ்வளவு சுலபமாகப் பிடிகொடுப்பதில்லை.

மதகு மூடாத குடும்பம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து தாயும் மகளும். மகள் கல்லூரி மாணவி. நடந்தாலோ வெயில் ஏறினாலோ இரண்டு பாதமும் செக்கச் சிவந்து கொதிக்கும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரோடுதான் வகுப்புத் தோழிகள் அவளைப் பார்த்திருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயம், மோர், எண்ணெய்க் குளியல் எல்லாம் முடித்தாகிவிட்டது. தாய்க்கும் அதே தொல்லை, கொஞ்சம் மிதமாக. “எங்கப்பா சித்திரை வைகாசியில கண்மாய்க்குள்ள காலை விட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுவாரு. நாங்க அவரு குணம் அப்படின்னு நெனச்சோம்” என்றார் தாய்.

வெளியிலிருந்து வந்த நரம்பு டெஸ்ட் காகிதத்தில் ‘நார்மல்’. இந்த ‘நார்மல்’ பலருடைய வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது. வழக்கமான நரம்புப் பரிசோதனை தடித்த இழைகளின் வேகத்தைத்தான் அளக்கும். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் அகப்படா. அவற்றைப் பார்க்கக் கணுக்காலுக்கு மேல் பத்து சென்டிமீட்டரில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைக் குத்தி எடுத்து, மேல்தோலில் எத்தனை நரம்பு நுனிகள் மிச்சம் என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். இப்படி மெல்லிழைகள் கெட்டு, காரணமும் தெரியாத 28 பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் ஆராய்ந்தபோது எட்டுப் பேருக்கு எஸ்சிஎன்9ஏ-வில் மாற்றம் இருந்ததை 2012-ல் எழுதினார்கள். அதற்கு முன் அவர்களில் எத்தனை பேரிடம் “எல்லாம் மனசுதான்” என்று சொல்லியிருப்பார்கள்! இந்தப் பெண்ணிடமும் சொல்லியிருந்தார்கள். விடுதி வார்டன் ‘நடிப்பு’ என்றே சொல்லிவிட்டாராம்.

பாதம் சிவந்து எரியும் இந்த நோயை 1878-லேயே அமெரிக்க நரம்பியலாளர் வெயர் மிச்செல் விவரித்துவிட்டார். பெய்ஜிங் மருத்துவர்கள் 2004-ல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வாக்ஸ்மன் குழு அந்த மாற்றத்தால் சேனல் எப்படிச் சீக்கிரம் திறந்து மெதுவாக மூடுகிறது என்று அளந்து காட்டியது. ஆகவே ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பியபோது நான் நிச்சயத்தோடு இருந்தேன். வந்த முடிவு: எஸ்சிஎன்9ஏ-வில் ஒரு மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் உறுதியாகவில்லை. நோய்க்குக் காரணம் என்றும் எழுதமாட்டார்கள், இல்லை என்றும் எழுதமாட்டார்கள்.

இந்த வாசகத்துக்குப் பின்னால் இருப்பது நம் நாட்டு நிலைமை. ஒரு மாற்றம் அபூர்வமா, சாதாரணமா என்று பார்க்க உலகம் வைத்திருக்கும் பட்டியல்களில் ஐரோப்பியர்களே அதிகம். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணமுடித்த நம்மூர்ச் சமூகங்களில், அங்கே இல்லாத ஒரு மாற்றம் ஆயிரம் பேரிடம் எந்தத் தொந்தரவும் தராமல் சும்மா கிடக்கலாம். ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் இந்தியர்களின் மரபுத் தொகையை 2025-ல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. நல்ல தொடக்கம், 140 கோடிக்குப் பத்தாயிரம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் பழைய வழியில் போனோம். தாயிடமும் தாய்மாமனிடமும் ரத்தம் எடுத்தோம். எரிகிற தாயிடம் மாற்றம் இருந்தது. எரியாத மாமனிடம் இல்லை. வழக்கு வலுத்தது, தீர்ப்பு வரவில்லை.

தாயின் கவலை வேறு. மகள் வெளியே போன நேரம் பார்த்து, “இந்தக் காகிதத்தை யாருக்கும் காட்ட வேணாம்ல டாக்டரம்மா? பொண்ணு கேட்டு வர்றவங்க காதுக்குப் போனா...” என்று இழுத்தார். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லலாமா என்பதை மகளே முடிவு செய்யட்டும் என்றேன். பிள்ளைக்கு வருமா என்றும் கேட்டார். இதுதான் காரணமென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் ஒரே அளவில் வரும் என்றில்லை, உங்களுக்கும் மகளுக்குமே எவ்வளவு வித்தியாசம் பாருங்கள் என்றேன். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் காலை ஊறவைக்கக் கூடாது, தோல் வெந்து புண்ணாகும், மின்விசிறிக் காற்று போதும் என்று சொன்னதைத்தான் அவர் உருப்படியான வைத்தியமாக எடுத்துக்கொண்டார்.

அவளுக்குக் கார்பமசெபின் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சோடியம் சேனலை அமுக்கும் பழைய, மலிவான மருந்து. இந்த நோயில் சில மாற்றங்கள் உள்ளவர்களுக்குக் கேட்கிறது. ஆனால் அதை எழுதுவதற்கு முன் எப்போதும் என் பேனா ஒரு கணம் நிற்கும். பயிற்சிக் காலத்தில், முகத்தில் கரண்ட் அடிப்பதுபோல் வலிக்கும் ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவுக்கு இதே மாத்திரையைத் தொடங்கிய ஒரு பெரியவரைத் தீக்காய வார்டில் பார்த்தேன். தீ எதுவும் இல்லை. மாத்திரை தொடங்கி மூன்றாம் வாரம் காய்ச்சல், வாய்ப்புண். பிறகு முதுகுத் தோல் பாளம் பாளமாக உரிந்தது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி. கண் பார்வை மங்கித்தான் வீடு திரும்பினார்.

எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகையைச் சுமப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு என்று தைவான் மருத்துவர்கள் 2004-ல் காட்டினார்கள். அதோடு விடவில்லை. கார்பமசெபின் தேவைப்பட்ட 4,877 பேருக்கு முதலில் பரிசோதனை செய்து, அந்த வகை இருந்த 7.7 சதவீதம் பேருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்கும் தோல் உரியவில்லை. பழைய கணக்குப்படி பத்துப் பேருக்காவது உரிந்திருக்க வேண்டும். வலி மரபியலில் இதுவரை வந்தவற்றில் நான் தலைவணங்குகிற ஒரே ஆராய்ச்சி எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் பரிசோதிப்பது நடைமுறை; அங்குள்ள தமிழர்களும் அதில் அடக்கம். இங்கே அது டாக்டரின் விருப்பம், நோயாளியின் பர்ஸ். இந்தியர்களில் சீனர்கள் அளவுக்கு இந்த வகை இல்லை, இல்லாமலும் இல்லை. எச்எல்ஏ-ஏ 31:01 என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் பார்த்து, இல்லையென்று தெரிந்த பிறகே அந்தப் பெண்ணுக்கு மாத்திரை தொடங்கினோம். எரிச்சல் போகவில்லை. வருகிற தடவைகள் குறைந்தன. வாளி விடுதி அறைக்குள்ளேயே நின்றுகொண்டது.

எச்எல்ஏ என்றதும் அக்கி நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் முதலில் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்வார்கள். விலாவில் காவிக் கோடு அழியாமலேயே என்னிடம் வந்தவர்கள் உண்டு. காவியால் கெடுதல் இல்லை, வைரஸ் மாத்திரை மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அங்கே போய் வரும் தாமதத்தில்தான் கெடுதல். கொப்புளம் ஆறியும் மூன்று மாதத்துக்கு மேல் வலி நின்றால் அது வேறு நோயாகிவிடுகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏ தொகுப்பு இருப்பவர்களுக்கு அந்த வலி அதிகம் தங்குவதைக் கண்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட முன்னால் நிற்பது வயது. அறுபதைத் தாண்டியவருக்கு அக்கி என்றால் எந்த மரபணுவையும் கேட்காமல் நான் பயப்படத் தொடங்கிவிடுவேன். 2023-ல் இந்தியாவுக்கு வந்த தடுப்பூசி விலை குறைந்தால் என் வேலையும் கொஞ்சம் குறையும்.

தினசரி மாத்திரைகளுக்கு வருகிறேன். நரம்பு வலிக்கு எங்கள் அன்றாடக் கருவி அமிட்ரிப்டிலின், இரவில் பத்து மில்லிகிராம். அதைச் சாப்பிட்டு மறுநாள் மத்தியானம்வரை தூங்கி, “என்னம்மா, மயக்க மருந்து குடுத்துட்டீங்களா?” என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு. ஐம்பதுக்கு ஏற்றியும் கொட்டாவிகூட வராதவரும் உண்டு. கல்லீரலில் சிப் 2சி19 என்கிற என்சைம் இதை வேறொன்றாக மாற்ற வேண்டும். தெற்காசியர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அந்த என்சைம் வேலை செய்யாதவர்கள். ஐரோப்பியர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையினர் தென்னிந்தியர்களிடமே இதைப் படித்து எழுதியிருக்கிறார்கள். அதற்காக எல்லோருக்கும் பரிசோதனை வேண்டுமா? வலிக்குக் கொடுக்கும் சின்ன அளவில் தேவையில்லை என்பதே சர்வதேச வழிகாட்டுதல். குறைவாகத் தொடங்கு, மெதுவாக ஏற்று என்ற பழைய விதியே போதும்.

டிரமடால் வேறு ரகம். அது அப்படியே பெரிதாக வேலை செய்யாது. சிப் 2டி6 என்சைம் அதை உருமாற்றிய பிறகுதான் வலி நன்றாக அடங்கும். என்சைம் இல்லாதவருக்குக் காசுக்குக் கேடு. அது அளவுக்கு மேல் சுறுசுறுப்பாக இருப்பவருக்கு மூச்சே அடங்கலாம். இதனால்தான் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று எஃப்டிஏ 2017-ல் சொன்னது. இதில் இளம் டாக்டர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. மனச்சோர்வுக்குப் பராக்ஸிட்டின் சாப்பிடுகிறவரின் ரிப்போர்ட்டில் 2டி6 மரபணு ‘சரி’ என்று இருக்கும். அந்த மாத்திரையே என்சைமை முடக்கிவைத்திருக்கும். மரபணுக் காகிதத்தைப் படிக்கும் முன் நோயாளியின் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். என் மேசையில் அதற்கென்றே ஒரு தட்டு இருக்கிறது.

யாருக்கு வலி தங்கும், யாருக்குப் போய்விடும் என்று முன்கூட்டிச் சொல்லும் மரபணுவைத் தேடியவர்களின் கதை சோகமானது. 2006-ல் ஜிசிஎச்1 வந்தது: மக்களில் சுமார் 15 சதவீதம் பேரிடம் இருக்கும் ஒரு வடிவம், டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு கால் வலி தங்காமல் காக்கிறது என்றார்கள். அதற்கு முன் காம்ட். மாநாட்டு மேடைகளில் இவை இரண்டும் கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தன. வேறு ஊர்களில் திரும்பச் செய்தபோது சில இடங்களில் தெரிந்தது, பல இடங்களில் தெரியவில்லை. பிறகு தனித்தனி மரபணுவை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே வலையில் அள்ளினார்கள். பிரிட்டனின் பயோபேங்கில் ஏறக்குறைய 3,80,000 பேரைப் பார்த்த 2019 ஆய்வு, உடம்பில் பல இடங்களில் நாள்பட்டு வலிப்பதோடு தொடர்புடைய 39 இடங்களை மரபுத் தொகையில் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் இம்மி. பலவும் நரம்பு நுனியைவிட மூளையில் வேலை செய்பவை. மனச்சோர்வின் மரபணுக்களோடும் கணிசமாக ஒத்துப்போகின்றன. எரிச்சலில் தூங்காதவர் மனம் சோர்வதைத் தினமும் பார்க்கிறவளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

பிரிட்டிஷ் இரட்டையர்களை வைத்து நரம்பு வலியில் மரபின் பங்கு 37 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த எண்ணைச் சொன்னால் நோயாளிகள் தங்கள் வலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்பா அம்மா கொடுத்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய எண் அது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எங்கள் தொழில்காரர் ஒருவரைப் பற்றிப் பெருமையோடு சொல்ல இடம் கொடுங்கள். ஸ்காட்லாந்தில் ஜோ கேமரன் என்ற பெண்மணிக்கு 66 வயதில் கையில் அறுவை சிகிச்சை. கடுமையாக வலிக்கும் என்று முன்னதாக எச்சரித்தவர் மயக்க மருத்துவர் தேவ்ஜித் ஸ்ரீவாஸ்தவா. எனக்கு வலி மாத்திரையே தேவைப்படாது என்றார் கேமரன். சொன்னபடியே ஆயிற்று. நம்மில் பலர் ‘தைரியசாலி’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்போம். ஸ்ரீவாஸ்தவா பழைய கேஸ் ஷீட்களைப் புரட்டினார்; இடுப்பு மூட்டு மாற்றியபோதும் இதே கதை. லண்டனில் ஜேம்ஸ் காக்ஸிடம் அனுப்பிவைத்தார். ஆனந்தமைடு என்கிற பொருளைச் சிதைக்கும் என்சைமும், அதன் பக்கத்திலேயே அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு மரபணுத் துண்டும் கேமரனிடம் மாறியிருப்பது 2019-ல் வெளிவந்தது. மறுநாள் ரவுண்ட்ஸில் நோயாளி சொன்னதை ஒருவர் நம்பியதில் தொடங்கியது இது.

இப்போது எச்சில் அனுப்பினால் மரபணு ரிப்போர்ட் தரும் கம்பெனிகள் வந்துவிட்டன. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், டிஸ்க் பிதுங்கி இடது கால் முழுக்கச் சுள்ளென்று இழுக்கிறது என்று ஊருக்கு வந்தவர், அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளப்பான தாள். ‘உங்கள் வலி உணர்திறன்: அதிகம்’ என்று சிவப்புப் பட்டை, கீழே பொடி எழுத்தில் காம்ட்.

“எனக்கு நேச்சுரலாவே வலி அதிகம்னு போட்டிருக்கு மேம். அப்ப ஆபரேஷன் பண்ணினாலும் வலி நிக்காதா? பண்ணலாமா, வேணாமா?”

அந்தப் பக்கத்தை மூடிவைக்கச் சொன்னேன். காம்ட் ஒன்றை வைத்து எவருக்கும் அறுவை சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. மருந்து என்சைம்கள் இருந்த பக்கத்தைப் படித்தேன். 2சி19 மந்தம் என்று இருந்தது. வேறு நல்ல ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டிய செய்தி, ஆனால் உபயோகமானது. பிறகு கட்டிலில் உட்காரவைத்து, கால் கட்டைவிரலை என் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கச் சொன்னேன். தூக்கினார், இரண்டு காலிலும் ஒரே பலம். சிறுநீர் போவதில் சிரமம் இல்லை, உட்காரும் இடத்தில் மரப்பும் இல்லை.

“ஆறு வாரம் பார்க்கலாம் தம்பி. பெரும்பாலும் தானா அடங்கிடும். நடங்க, ஒரே இடத்துல மணிக்கணக்கா உக்காராதீங்க. விரல் தூக்க வரலைன்னாலோ யூரின் நின்னுட்டாலோ அன்னைக்கே வந்துடணும்” என்றேன்.

ரிப்போர்ட்டை நகலெடுத்து ஃபைலில் வைக்கவா என்று கேட்டாள் நர்ஸ். மருந்துப் பக்கத்தை மட்டும் வைக்கச் சொன்னேன்.